பழைய ஜீப்பின் பின்சக்கர வளைவில் துரு: எதுவரை வெட்டுவது, எப்படி ஒட்டுவது

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, விடியும் முன்பே போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறுகிற பழைய ஜீப்புகளைப் பின்னால் நின்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். எஞ்சின் நன்றாக ஓடும். கியர் சரியாக விழும். நான்கு சக்கரமும் இழுக்கும். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவு மட்டும் பூச்சி தின்ற இலை மாதிரி ஓரமெல்லாம் அரித்துப்போயிருக்கும். சில வண்டிகளில் அந்த ஓட்டையின் மேல் ஒரு தகரத்தை வைத்து நாலு ரிவெட் அடித்திருப்பார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தகரத்தைச் சுற்றிப் புது ஓட்டை விழுந்திருக்கும்.

அந்த இடம்தான் ஏன் முதலில் போகிறது, அதை நிலைத்து நிற்கிற மாதிரி எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வெல்டிங் தெரியாதவர்களுக்கும் இது உதவும். வேலையை நீங்களே செய்யாவிட்டாலும், டிங்கரிங் (வண்டித் தகர வேலை) பட்டறையில் வண்டியை விடும்போது என்ன கேட்க வேண்டும், எந்தக் கட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் பணமும் வண்டியும் தப்பும்.

முதலில் அமைப்பு. நம் ஊரில் ஓடும் பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்தவை. வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா 1940-களின் கடைசியில் மும்பையில் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை வந்த சிஜே-3பி என்ற வில்லிஸ் மாடலின் வடிவம் இந்தியாவில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. இந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மேலே இருப்பது தட்டையான தனி மட்கார்டு. போல்ட் கழற்றினால் கையோடு வந்துவிடும். மேசையில் போட்டு நிதானமாக வேலை பார்க்கலாம், வேண்டாமென்றால் வேறு வாங்கி மாட்டலாம். பின்பக்கம் அப்படியில்லை. பின்னால் உட்காரும் பகுதி முழுக்க ஒரே தொட்டி. அந்தத் தொட்டிக்குள் சக்கரம் புகுந்து நிற்க இரண்டு பக்கமும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிகளின் மேல்தான் பக்கவாட்டு சீட் இருக்கும், ஆட்கள் எதிரெதிரே உட்காருவார்கள். வெளிப்பக்கத் தகரத்தில் சக்கரத்துக்காக வெட்டிய வளைவின் ஓரமும், உள்ளே இருக்கும் பெட்டியின் ஓரமும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப்பட்டு, இடைவெளி விட்டு விட்டு ஸ்பாட் வெல்டிங்கில் சேர்க்கப்பட்டிருக்கும். வீல் ஆர்ச் என்று நாம் சொல்வது இந்த இரண்டு தகரமும் சந்திக்கிற விளிம்பைத்தான்.

இரண்டு தகரம் சந்திக்கும் இடம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

துரு உள்ளிருந்து வருகிறது

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் காற்றும் மழையும் அதிகம் படுகிற வெளிப்பக்கம்தானே முதலில் துருப்பிடிக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. ஈரமான தகரத்தில் ஒரு பகுதிக்குக் காற்று தாராளமாகக் கிடைத்து, பக்கத்துப் பகுதிக்குக் குறைவாகக் கிடைத்தால், அந்த இரண்டு பகுதிகளும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யத் தொடங்கும். அந்த பேட்டரியில் கரைந்துபோவது காற்று குறைவாகப் படுகிற பக்கம். இரண்டு தகரங்களுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடுக்கும், சேறு அப்பிக் காயாமல் கிடக்கும் மூலையும் அப்படிப்பட்ட இடங்கள். மலைப்பாதையில் சக்கரம் வாரி அடிக்கிற செம்மண் சேறு வளைவின் உள்மடிப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. வெளியே வெயில் அடித்து வண்டி காய்ந்துவிடும். மடிப்புக்குள் இருக்கிற சேறு பஞ்சு மாதிரி ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும்.

உப்பு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், அந்தச் சின்ன பேட்டரியின் வேகம் கூடும். 2017-ல் அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கும் வரை தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல்நீரிலும் ஓடிய வண்டிகள் அடிப்பக்கம் முழுக்க உளுத்துப்போனதற்கு இதுதான் காரணம். மலை வண்டிக்கு ஐந்து வருடத்தில் ஆவது கடற்கரை வண்டிக்கு வெகு சீக்கிரமே ஆகிவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பு துருவாக மாறும்போது அது பிடிக்கும் இடம் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகிறது. இடுக்குக்குள் உருவான துரு இரண்டு தகரத்தையும் பிளந்து தள்ளுகிறது. பிளந்த இடத்தில் இன்னும் தண்ணீர் புகுகிறது. பெயின்ட்டின் அடியில் உருவான துரு பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. ஆகவே நாம் வெளியே பார்க்கிற ஒரு ரூபாய் அளவுக் கொப்புளம் உள்ளே எத்தனையோ மழைக்காலமாக நடந்ததன் கடைசிக் கட்டம். அந்தக் கொப்புளத்தை மட்டும் சுரண்டிப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்துப் பெயின்ட் அடிப்பது காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுவதோடு சரி.

ஜீப்பில் இன்னொரு வழியாகவும் தண்ணீர் வரும். மேலே படுதா மட்டும்தான். நனைந்த ஆட்கள், நனைந்த சாக்கு, மண் ஒட்டிய காலணி எல்லாம் உள்ளே வரும். சக்கரப் பெட்டி தரைத் தகரத்தோடு சேருகிற மூலையில் அந்தத் தண்ணீர் தேங்கும். எனவே பெட்டி மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் அரிபடுகிறது.

தட்டிப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது

வேலை தொடங்கும் முன் ஒரு நாள் முழுக்கப் பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். சக்கரத்தைக் கழற்றி, வண்டியை நல்ல ஸ்டாண்டில் நிறுத்தி, வளைவின் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவிட்டுப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

சுத்தியல் பிடியால் ஓரத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல தகரம் 'ணங்' என்று பேசும். உளுத்ததும் பட்டி நிறைந்ததும் 'பொத்' என்று சத்தமே இல்லாமல் அடங்கும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே இரும்பு இல்லை, பெயின்ட்தான் வடிவத்தைப் பிடித்து நிற்கிறது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வளைவு முழுக்க நகர்த்துங்கள். பிடி தளருகிற இடத்தில் அடியில் கனமாகப் பட்டி இருக்கிறது. இருட்டிய பிறகு சக்கரப் பெட்டிக்குள் ஒரு விளக்கை வைத்து மேலிருந்து பார்ப்பதும் நல்ல வழி. ஊசித் துளைகளெல்லாம் நட்சத்திரமாகத் தெரியும்.

நான் வாங்கிய ஜீப்பில் இடது வளைவு பார்க்க வழுவழுவென்று இருந்தது. காந்தம் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவே இல்லை. சுரண்டியபோது ஒரு விரல் கனத்துக்குப் பட்டி வந்தது, அதற்கடியில் கம்பி வலை, அதற்கும் அடியில் பசையில் தோய்த்து வைத்த செய்தித்தாள். விற்பதற்காகச் செய்த வேலை அது. பட்டி தண்ணீரை உறிஞ்சும். அந்த ஈரத்தில் வலைக்குப் பின்னால் மிச்சம் இருந்த நல்ல தகரமும் போய்விட்டது. ஓட்டையை ஓட்டையாகவே விட்டிருந்தால் நான் வெட்டி எடுத்ததில் பாதியை வெட்டினாலே போதுமாக இருந்திருக்கும். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது.

பார்த்து முடித்ததும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். மேலோட்டமான செந்துரு, கம்பி பிரஷ் போட்டால் கீழே பளபளப்பான இரும்பு வரும். அடுத்தது அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்தது, தகரம் இன்னும் கனமாக இருக்கும். மூன்றாவது, மெலிந்து ஓட்டை விழுந்தது. முதல் இரண்டுக்கும் வெட்ட வேண்டியதில்லை. சுத்தம் செய்து துருமாற்றி போட்டு, நல்ல பிரைமர் அடித்தால் போதும்.

துருமாற்றியைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைப்பவற்றில் சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் டானிக் அமிலம். இரண்டாவது வகையைத் தடவினால் சிவந்த துரு கருநீலமாக மாறும். இது நம் கலம்காரிக்காரர்களுக்குப் பழகிய சங்கதி. சிக்கல்நாயக்கன்பேட்டையில் கடுக்காயில் நனைத்த துணியின் மேல், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கரைசலால் கோடு இழுத்தால் கறுப்பாகிறதல்லவா, அதே வினை. கடுக்காயில் இருக்கும் டானினும் இரும்பும் சேர்ந்து நிலையான கறுப்புப் பொருளாகின்றன. ஆனால் துருமாற்றி துருவைத்தான் மாற்றும், போன இரும்பைத் திரும்பக் கொண்டுவராது. செதில் செதிலாக உரிகிற துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். உதிர்வதையெல்லாம் எடுத்த பிறகுதான் அது பயன்படும்.

மூன்றாவது வகைக்கு வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

தீயை எடுப்பதற்கு முன்

சிஜே-3பி வழி ஜீப்புகளில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும், பின்வளைவிலிருந்து கைக்கெட்டும் தூரம்தான். அதைக் கழற்றி வேலை செய்யும் இடத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள். பெட்ரோல் தீர்ந்த டேங்க்தானே என்று நினைக்க வேண்டாம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவியும் காற்றும் கலந்தால் ஒரு பொறி போதும். பேட்டரி வயரைக் கழற்றி விடுங்கள். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாய், டெயில் லைட் வயர், படுதா, சீட் எல்லாவற்றையும் அகற்றுங்கள் அல்லது நனைத்த சாக்கால் மூடுங்கள். கண்ணாடி மேல் கிரைண்டர் பொறி பட்டால் குழி குழியாக ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் போகாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த தூளாகத் தேய்க்காமல் தண்ணீர்விட்டுத் தேய்ப்பதும், முகமூடி போடுவதும், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாமல் இருப்பதும் அவசியம்.

வெல்டிங் எர்த் கிளாம்ப்பை ஒட்டுகிற தகரத்திலேயே, பக்கத்தில் மாட்டுங்கள். ஆக்ஸிலிலோ சக்கரத்திலோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும்.

அட்டையில் முதல் வண்டி

வெட்டும் முன் அளவு எடுக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். உளுத்ததை ஆத்திரத்தோடு வெட்டி எறிந்த பிறகு, வளைவு எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரமே இருக்காது. பழைய காலண்டர் அட்டையோ, பெட்டி அட்டையோ எடுத்து வளைவின் மேல் வைத்து ஓரத்தை வரையுங்கள். ஒரு பக்கம் முழுக்கப் போயிருந்தால் மறுபக்க வளைவில் அட்டையை வெட்டித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தரையிலிருந்து வளைவின் உச்சிக்கு எவ்வளவு, தொட்டியின் பின்மூலையிலிருந்து எவ்வளவு என்று இரண்டு மூன்று அளவுகளைச் சுவரிலோ நோட்டிலோ எழுதி வையுங்கள். கைபேசியில் பல கோணங்களில் படமும் எடுங்கள்.

அசல் வடிவத்தை மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான வாகனங்களுக்கென்று 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனிப் பிரிவு சேர்த்தார்கள். அதில் இடம்பெற வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அகலமான டயர் போடுவதற்காக வளைவை மேலே ஏற்றி வெட்டிவிட்டால் பிறகு திரும்பி வர முடியாது. எனக்கு அந்த அகல டயர் மோகமே பிடிப்பதில்லை. ஜீப்பின் பின்வளைவு அந்த வண்டியின் முகம் மாதிரி.

எதுவரை வெட்டுவது? ஓட்டை முடிகிற இடம் வரைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டையைச் சுற்றி மெலிந்த தகரம் இருக்கும். அதன் மேல் வெல்டிங் வைத்தால் காகிதம் மாதிரி எரிந்து ஓட்டை பெரிதாகும். வெல்டர் அதை அடைக்க இன்னும் வைப்பார், அது இன்னும் எரியும். தட்டினால் 'ணங்' என்று வருகிற, தேய்த்தால் இருபுறமும் வெள்ளை இரும்பு தெரிகிற இடம் வரை வெட்ட வேண்டும். மூலைகளைச் செங்கோணமாக வெட்டாமல் உருட்டி வெட்டுங்கள். மலைப்பாதையில் தொட்டி எந்நேரமும் முறுக்கிக்கொண்டே ஓடுகிறது. கூர்மையான மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். முதலில் உள்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி, புதுத் துண்டை ஒட்டி, பிறகு வெளித்தகரத்துக்கு வாருங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் போனால் தொட்டியின் பக்கவாட்டுச் சுவர் தளர்ந்து வெளியே சாயும். அப்படியே ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. வெட்ட வேண்டிய பகுதி பெரிதாக இருந்தால் உள்ளே ஒரு இரும்பு ஆங்கிளைக் குறுக்காக டேக் (சின்ன வெல்டிங் பொட்டு) வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

வெட்டும்போது தொட்டியின் அடியில் ஓடுகிற தாங்குசட்டங்களையும் பாருங்கள். போர்க்கால வில்லிஸ் வண்டிகளில் அந்தச் சட்டங்களுக்குள் மரத்துண்டுகளை வைத்தே மூடியிருந்தார்கள். மரம் ஈரத்தைப் பிடித்து, சட்டத்தை உள்ளிருந்தே தின்றது. பிந்தைய வண்டிகளில் மரம் இல்லாவிட்டாலும் சேறு அதே வேலையைச் செய்யும். தொட்டி சேசிஸோடு போல்ட் ஆகிற இடங்களோ சேசிஸ் சட்டமோ உளுத்திருந்தால் வளைவு வேலையை நிறுத்திவிட்டு அதை அனுபவமுள்ளவரிடம் முதலில் காட்டுங்கள். அது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

தகரமும் மடிப்பும்

புதுத் துண்டுக்கு எந்தத் தகரம்? பழைய தகரத்தின் நல்ல இடத்தில் பெயின்ட் நீக்கி அளந்து பாருங்கள். ஜீப் பாடி இன்றைய கார்களைவிடக் கனம். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ. இரும்புக் கடையில் 'சிஆர் ஷீட்' என்று கேட்டு அதே கேஜில் வாங்குங்கள். துருப்பிடிக்காது என்று ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய தகரம்) வாங்கத் தோன்றும். வெல்டிங்குக்கு அது சரிவராது. அதன் மேலிருக்கும் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். எனவே இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பி ஒட்டில் குமிழி விடும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். ஜிஐ தான் இருக்கிறது என்றால் ஒட்டும் ஓரத்திலாவது துத்தநாகத்தை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

கடினமான பகுதி விளிம்பு மடிப்பு. வளைவின் ஓரத்தில் தகரம் உள்பக்கமாக அரை அங்குலம் போல மடிந்திருக்கும். நேர்க்கோட்டில் தகரத்தை மடிப்பது எளிது. வளைவில் மடிக்கும்போது, உள்ளே இருந்த குட்டை ஓரம் மடிந்த பிறகு நீளமான வளைவில் வந்து நிற்க வேண்டும். அதாவது தகரம் நீள வேண்டும். அவசரப்பட்டு ஒரே அடியில் மடித்தால் ஓரம் கிழியும். வளைவுக்கு ஏற்றபடி வெட்டிய கனமான பலகையில் தகரத்தை இறுக்கிப் பிடித்து, சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். எட்டுப் பத்து முறை போய்வந்தால் மடிப்பு அழகாக விழும். முடியவில்லை என்றால் மடிப்பில் இடைவெளிவிட்டு வெட்டுப் போட்டு மடியுங்கள். வெட்டுகள் 'வி' வடிவில் திறக்கும், பிறகு அந்த இடைவெளிகளை வெல்டிங்கால் நிரப்பித் தேய்த்துக்கொள்ளலாம். மடிப்பைத் தனிப் பட்டையாக வெட்டி, வளைத்து, ஓரத்தில் ஒட்டுவது மூன்றாவது வழி. முதல்முறை செய்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். அரை நாள் கூடுதலாகும், தகரம் வீணாகாது.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய வண்டியின் பின்வளைவை வெட்டித் தருவார்கள். வாங்கும் முன் அதையும் தட்டிப் பாருங்கள். வேறு ஊர்க் கடற்கரை வண்டியின் உளுத்த தகரத்தை வாங்கி உங்கள் வண்டியில் ஒட்டுவதில் லாபமில்லை.

ஒட்டு

புதுத் துண்டைப் பழைய தகரத்தின் மேல் ஏற்றி வைத்து ஒட்டலாம், அல்லது ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டலாம். ஏற்றி ஒட்டுவது சுலபம். ஆனால் மேலே படித்த அதே இடுக்கை நாமே புதிதாக உண்டாக்குகிறோம். வெளித்தகரத்தில் ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதே நல்லது. நடுவில் சுமார் 1 மி.மீ. இடைவெளி விட்டால் ஒட்டு உள்வரை இறங்கும். உள்பெட்டியும் வெளித்தகரமும் சந்திக்கும் விளிம்பில் ஏற்றுவதைத் தவிர்க்க முடியாது. அங்கே இரண்டு தகரத்தின் உள்முகத்திலும் ஒட்டும் முன்பே துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர் அடித்துவிடுங்கள். மூடிய பிறகு அங்கே பிரஷ் போகாது.

பட்டறைகளில் மூன்று வகை ஒட்டு பார்க்கலாம். கேஸ் வெல்டிங் தீச்சுடர் 3,000 டிகிரிக்கு மேல் போகும், சூடு பரவும், தட்டையான தகரம் அப்பளம் மாதிரி நெளியும். கைதேர்ந்த பெரியவர்கள் ஈரத்துணி வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி அந்த நெளிவை எடுத்துவிடுவார்கள். அந்தக் கை வாய்க்கப் பல வருடம் ஆகும். சாதாரண ஆர்க் வெல்டிங் ராடு இந்தக் கனத் தகரத்துக்கு முரடு, ஓட்டை போடும். சிஓ2 வெல்டிங் என்று பட்டறையில் சொல்கிற கம்பி வெல்டிங்தான் இதற்குச் சரி. 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி போதும்.

வெல்டிங் வைக்கும் முறையில்தான் பாதி வெற்றி. ஒரு முனையில் தொடங்கிக் கோடு இழுத்த மாதிரி ஒட்டிக்கொண்டே போகக் கூடாது. முதலில் நான்கு மூலையிலும் ஒரு டேக். பிறகு நடுவில். பிறகு எதிர்ப்பக்கம். இப்படித் தாண்டித் தாண்டி, ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் ஓர் அங்குலம் இருக்கும் வரை வையுங்கள். இப்போது சக்கரத்தை மாட்டி, அட்டையை வைத்து, அளவுகளைச் சரிபாருங்கள். இந்தக் கட்டத்தில் தவறு இருந்தால் நாலு டேக்கை அறுத்தால் போதும். சரியாக இருந்தால் டேக்குகளுக்கு நடுவே மறுபடி டேக் வைத்து, கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறிய பிறகே அடுத்ததுக்குப் போய், கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று சேரும்படி முடியுங்கள். பின்னால் ஒரு செம்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், ஓட்டையும் விழாது, செம்பில் இரும்பு ஒட்டவும் ஒட்டாது.

பட்டறையில் வேலை நடக்கிறது என்றால், இந்த டேக் கட்டத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். "அண்ணே, பிரைமர் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். நல்ல டிங்கர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். தன் வெல்டிங்கைக் காட்டுவதில் அவருக்குப் பெருமைதான்.

கிரைண்டரில் தேய்க்கும்போது வெல்டிங் மேட்டை மட்டும் தேய்க்க வேண்டும். சுற்றியிருக்கும் தகரமும் சேர்ந்து தேய்ந்தால் பாடுபட்டு வைத்த 1.2 மி.மீ. அங்கே பாதியாகிவிடும். கடைசி மிச்சத்தைத் தேய்ப்புத் தாள் மடிப்புகளால் ஆன பிளாப் வீலில் எடுப்பது நல்லது.

தண்ணீருக்கு வழி அடைப்பதும், வழி விடுவதும்

வெல்டிங் வைத்த இரும்பு நிர்வாண இரும்பு. ஈரக்காற்றில் ஒரே இரவில் செந்தூள் படியும். அதே நாளில் தின்னர் துணியால் துடைத்து எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். பழக்கமான ரெட் ஆக்சைடு மலிவு, ஆனால் அது தண்ணீரை முழுக்கத் தடுக்காது. எபாக்ஸி தடுக்கும். பட்டி வைப்பதென்றால் எபாக்ஸி காய்ந்த பிறகு அதன் மேல், மெல்லிசாக, இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் போகாமல். அதற்கு மேல் தேவைப்பட்டால் தகரத்தைத் தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது எல்லா இணைப்பிலும் சீம் சீலர், அதாவது இடுக்கை அடைக்கும் பசை. உள்பெட்டி தரையோடு சேரும் மூலை, வளைவின் உள்மடிப்பு, பழைய ஸ்பாட் வெல்டிங் வரிசை எல்லாவற்றிலும் விரலால் அழுத்தித் தடவுங்கள். அது காய்ந்ததும் உட்புறத்துக்குக் கல்லடி தாங்குகிற ரப்பர் மாதிரியான கோட்டிங். கறுப்புத் தார் கோட்டிங்கைத் துருவின் மேலேயே அடிப்பது நம் ஊர் வழக்கம். அது செய்யக் கூடாத வேலை. கோட்டிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே ஈரம் மாட்டிக்கொண்டு, வெளியே கறுப்பாகப் பளபளக்கும்போதே உள்ளே தகரம் தூளாகும். பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பக்கத்தில் பீய்ச்சுவதும் உண்டு. துருவை அது ஓரளவு தாமதப்படுத்தத்தான் செய்கிறது. ரப்பர் புஷ்ஷையும் பிரேக் குழாயையும் ஊறவைத்துக் கெடுக்கிறது, சொட்டிச் சொட்டி மண்ணையும் ஓடையையும் கெடுக்கிறது. தோட்டத்து ஓடையில் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய இடுக்குகளுக்கென்றே மெழுகு மாதிரியான ஸ்பிரே கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சீலரும் கோட்டிங்கும் போடும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். தொட்டியின் தரையிலும் மூலைகளிலும் தண்ணீர் வடிவதற்கென்றே துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டால் தொட்டி உண்மையிலேயே தொட்டியாகிவிடும். சீலர் காய்வதற்குள் ஒரு குச்சியைச் செருகித் துளைகளைத் திறந்து வையுங்கள்.

மேல் பெயின்ட் உங்கள் விருப்பம். அதற்கு எட்டு நாள் செலவழித்துவிட்டு உள்மடிப்புக்கு எட்டு நிமிடம் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வண்டி கழுவும்போதும் அப்படித்தான், பானட்டையும் கண்ணாடியையும் பளபளக்கத் துடைத்துவிட்டு, சக்கர வளைவுக்குள் ஒரு வாளி தண்ணீர்கூட அடிப்பதில்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி வெயில் வந்ததும் பின்சக்கரத்துக்குள் கையை விட்டு, வளைவின் மடிப்பு நெடுக விரலை ஓட்டிப் பாருங்கள். உலர்ந்த தூசி வந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். மழை நின்று நாலு நாளாகியும் ஈரச்சேறு வந்தால் அன்றைக்கே கழுவி, காயவிட்டு, சீலர் எங்கே விட்டிருக்கிறது என்று பாருங்கள்.